ஐந்து வயதுக்குள் கடவுளின் அன்பு: வீட்டு விளையாட்டு எவ்வளவு கற்றுத்தரும்?

தமிழ் வீடுகளில் பல குழந்தைகள் கடவுளைப் பற்றி முதன்முதலில் கேட்கும் செய்தி, அவர் கண்ணைக் குத்திவிடுவார் என்பதுதான். பொய் சொன்னால், சோற்றை இறைத்தால், தம்பியை அடித்தால் சாமி கண்ணைக் குத்தும். கிறிஸ்தவ வீடுகளில் இதே மிரட்டல் வேறு உருவத்தில் வருகிறது: "இயேசப்பா மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கார், தெரியும்ல?" சொல்கிற பாட்டிக்கும் அம்மாவுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளையை அடக்க அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை கடவுளின் அன்பைப் பற்றிய வசனத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இரண்டில் எதை அது நம்பும்?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இறையன்பை வீட்டிலேயே, விளையாட்டின் வழியாகப் பழக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கிறிஸ்தவ மரபில் இதைப் பற்றி நிறைய எழுதியும் செய்தும் பார்த்திருப்பதால், என் பேச்சு பெரும்பாலும் அந்த வீடுகளைச் சுற்றியே இருக்கும்.

முதலில் எழுவது புரிதல் பற்றிய ஐயம். மூன்று வயதுக் குழந்தைக்குக் கடவுள் என்றால் என்ன புரியும்? கல்வியுலகில் இந்த ஐயத்தைப் பலமாக எழுப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்ட் கோல்ட்மன். குழந்தையின் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்ற உளவியலாளர் பியாஜேயின் கொள்கையைச் சமயக் கல்விக்குப் பொருத்தி, 1964இல் வெளியிட்ட நூலில், சின்ன வயதில் வேதக் கதைகளைக் கொட்டினால் பிள்ளைகள் அவற்றைத் தப்பும் தவறுமாகத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று வாதிட்டார். உவமை அவர்களுக்கு உவமையாகப் போய்ச் சேராது. சொன்னது சொன்னபடியே போய்ச் சேரும். இதில் உண்மை இருக்கிறது. "இயேசு உன் இருதயத்துல இருக்கார்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, டாக்டர் நெஞ்சில் கருவி வைக்கும்போது "உள்ள இயேசப்பா பேசுறது கேக்குதா?" என்று கேட்கத்தான் செய்யும்.

கோல்ட்மனுக்குப் பின் வந்த ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின. 2001இல் ஜஸ்டின் பாரெட்டும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கக் குழந்தைகளிடம் ஒரு பிஸ்கட் பெட்டியைக் காட்டினார்கள். திறந்தால் உள்ளே கற்கள். பெட்டியை மூடிவிட்டு, "இதைத் திறந்து பார்க்காத அம்மா உள்ளே என்ன இருப்பதாக நினைப்பாள்? கடவுள் என்ன நினைப்பார்?" என்று கேட்டார்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இருவருக்குமே கல் என்று தெரியும் என்றார்கள். ஐந்தை ஒட்டிய வயதில் அம்மாவின் அறிவுக்கு எல்லை உண்டு என்பது பிடிபட்டது. கடவுளுக்கு அந்த எல்லையை அவர்கள் போடவில்லை. 2010இல் ஜொனாதன் லேன், ஹென்றி வெல்மன், மார்கரெட் எவன்ஸ் மூவரும் இன்னும் நுணுக்கமாகச் சோதித்தபோது, இடையில் ஒரு கட்டத்தில் பிள்ளைகள் கடவுளையும் அம்மாவைப் போலவே ஏமாறக்கூடியவராக எண்ணுகிறார்கள், அதற்குப் பிறகே பிரித்தறிகிறார்கள் என்று கண்டார்கள். முதல் முடிவா, இரண்டாவதா என்ற விவாதத்துக்குள் நாம் போக வேண்டியதில்லை. இரண்டிலும் தெரிவது ஒன்று: அந்த வயதில் கடவுளை அளக்கப் பிள்ளையிடம் இருக்கும் அளவுகோல் அம்மா.

உளப்பகுப்பாய்வாளர் அனா மரியா ரிசூட்டோ 1979இலேயே இதை வேறு வழியில் சொல்லியிருந்தார். கோயிலோ குருவோ பாடமோ வருவதற்கு முன்பே, பெற்றோரிடம் கண்ட முகத்திலிருந்தும் மடியிலிருந்தும் குழந்தை தனக்கென்று ஒரு கடவுளை உருவாக்கிக்கொண்டுவிடுகிறது என்பது அவர் கண்டது. சுவீடனில் பேர் கிரான்குவிஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அந்த ஆய்வே ஒரு விளையாட்டுதான். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கற்பனைக் குழந்தையின் கதை சொல்லப்பட்டது. கடவுளைக் குறிக்கும் ஒரு உருவை அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பக்கத்தில் வைப்பாய் என்று கேட்டார்கள். கதையில் குழந்தை நோயுற்றோ பயந்தோ இருந்த கட்டங்களில், சாதாரணக் கட்டங்களைவிட, பிள்ளைகள் கடவுளை நெருக்கமாக வைத்தார்கள். இறையியல் தெரியாத வயதிலேயே, துன்பத்தில் பக்கத்தில் இருப்பவர் என்ற உணர்வு அவர்களுக்கு இருக்கிறது.

ஆகவே கோல்ட்மன் பாதி சரி. கருத்தாகச் சொன்னால் புரியாது. உறவாகக் காட்டினால் புரிகிறது. உறவைக் காட்ட அந்த வயதில் விளையாட்டைவிட நல்ல வழி இல்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டுப் போலந்தில் வாழ்ந்த மொராவியத் திருச்சபைத் தலைவர் கொமேனியஸ், 1630களில் தாய்மாருக்கென்றே ஒரு கையேடு எழுதினார். ஆறு வயது வரை தாயின் மடியே பள்ளி, அங்கே விளையாட்டே பாடம் என்பது அவருடைய கொள்கை. ஆனால் பக்தியுள்ள எல்லாரும் அவர் பக்கம் நிற்கவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் பெரிய அநாதை இல்லத்தையும் பள்ளிகளையும் நடத்திய ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, விளையாட்டை வீண் பொழுதாகக் கருதித் தம் பள்ளிகளில் அதற்கு இடம் தரவில்லை. நமக்கு இவர் அந்நியர் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். தமிழ்ப் பள்ளிகளுக்கும் தமிழ் அச்சுக்கும் அந்த மரபு செய்த உபகாரம் பெரிது. ஆனாலும் குடும்ப ஜெபத்தில் நாலு வயதுப் பிள்ளை நெளிந்தால் முதுகில் ஒன்று வைக்கும் நம் வழக்கத்தில், பக்தி வேறு விளையாட்டு வேறு என்ற அந்தப் பழைய எண்ணத்தின் சாயலை நான் பார்க்கிறேன்.

பிராங்கே இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே ஜெர்மனியில் பிரடெரிக் புரோபெல் குழந்தைகளுக்கான தோட்டப் பள்ளியை உருவாக்கினார். லூத்தரன் போதகரின் மகன். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். 1837இல் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய அவருடைய முயற்சியே இன்று நம் ஊர் எல்.கே.ஜி. வரை வந்து சேர்ந்திருக்கிறது. 1844இல் தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடும் விரல் விளையாட்டுகளும் பாடல்களும் அடங்கிய நூலை வெளியிட்டார். விரலை மடக்கி நீட்டும் விளையாட்டில்கூடக் குழந்தை ஒரு ஒருமையை, அதன் பின்னுள்ள அன்பை உணரும் என்று அவர் நம்பினார். அப்படிப்பட்டவரின் பள்ளிகளை நாத்திகம் பரப்புகின்றன என்று சொல்லிப் பிரஷ்ய அரசு 1851இல் தடை செய்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். தடை 1860இல்தான் நீங்கியது.

மரியா மாண்டிசோரியை நமக்குத் தெரியும். 1907இல் ரோமின் சான் லோரென்சோ ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்கிப்போனவர், கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதும், குழந்தைகள் தொட்டுப் பழகச் சின்னப் பீடமும் சின்னப் பாத்திரங்களும் அமைத்துப் பார்த்தவர் என்பதும் இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வித்தை வளர்த்தவர் சோபியா கவலெட்டி. எபிரேய மொழியும் வேதமும் படித்த அறிஞர்; குழந்தைகளுக்குக் கற்பிக்கும் எண்ணமே இல்லாதவர். 1954இல் ஒரு சிறுவனுக்கு வேதம் சொல்லித்தர அழைக்கப்பட்டதிலிருந்து அவருடைய வாழ்க்கை திசை மாறியது. மாண்டிசோரியிடம் பயின்ற ஜியான்னா கோபியுடன் சேர்ந்து, நல்ல மேய்ப்பனை மையமாக வைத்த ஒரு முறையைப் பல ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்து உருவாக்கினார்.

மரத்தில் செய்த மேய்ப்பன், ஆடுகள், தொழுவம். கதையைச் சொல்லிக்கொண்டே பெரியவர் அவற்றை மெல்ல நகர்த்துகிறார். பிறகு பிள்ளை தானே எடுத்து நகர்த்துகிறது. "அந்த ஆடு நீதான்" என்று யாரும் சொல்வதில்லை. கவலெட்டி கண்டது இது: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மனம் மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், காக்கிறான் என்பதில் லயிக்கிறது. மன்னிப்பும் ஒழுக்கமும் பற்றிய கேள்விகள் அதற்குப் பிறகு வருபவை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பைப் புரியவைக்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அமெரிக்கக் குருவானவர் ஜெரோம் பெர்ரிமன் இதே வழியில், மணல் பெட்டியும் மரப் பொம்மைகளும் கொண்டு கதை சொல்லி, முடிவில் விடை இல்லாத கேள்விகளைப் பிள்ளைகள் முன் வைக்கும் முறையை வளர்த்தார்.

இதையெல்லாம் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும் என்ற நிலையில் தமிழ் இல்லை. கடவுளைக் குழந்தையாக்கி, தன்னைத் தாயாக்கிக்கொண்டு பாடியவர் பெரியாழ்வார். அவருக்குப் பின் வளர்ந்த பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களும் ஒரு குழந்தையின் நாட்களே: சப்பாணி கொட்டுவது, முத்தம் கேட்பது, நிலாவைக் கூப்பிடுவது, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைப்பது, சிறுதேர் உருட்டுவது. இயேசுவையும் நபிகளையும் பாட்டுடைத் தலைவராக்கிய பிள்ளைத்தமிழ் நூல்களும் தமிழில் உண்டு. கடவுளோடு விளையாடுவது அவமரியாதை என்று இந்த மொழி ஒருபோதும் நினைத்ததில்லை. கொலு வைக்கும் வீடுகளில் கீழ்ப்படியில் செட்டியார் கடை பிள்ளைகள் கைக்கு எட்டும்படி இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு நிகரானது டிசம்பர் மாதக் குடில். 1223இல் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் பிரான்சிஸ் அசிசியார் மாடும் கழுதையும் வைத்து அமைத்த காட்சியிலிருந்து தொடங்கிய வழக்கம். அது கண்ணால் பார்க்கத் தெரிந்த எல்லாருக்கும், எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அமைக்கப்பட்டது. இன்று நம் வீடுகளில் குடிலுக்கு முன் நிற்கும் பிள்ளை கேட்கும் முதல் சொல் "தொடாதே". சுரூபம் உடைந்துவிடும் என்ற கவலை நியாயமானதுதான். அப்படியானால் களிமண்ணிலோ பழைய துணியிலோ இன்னொரு தொகுப்பு செய்து பிள்ளைக்கென்று தரலாம். குழந்தை இயேசுவை அது தூக்கிக்கொண்டு அலையட்டும், தாலாட்டட்டும், பக்கத்தில் படுக்க வைத்துத் தூங்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நான் முதலில் வைப்பது காணாமற்போன ஆட்டைத் தேடும் விளையாட்டு. லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் நூறு ஆடுகள். நமக்குப் பத்துப் புளியங்கொட்டை போதும். சொப்புச் சாமானில் ஒரு தொழுவம். எண்ணும்போது ஒன்று குறைகிறது. எங்கே? இந்த இடத்தில் பெரும்பாலான பெற்றோர் பிள்ளையைத் தேடச் சொல்வார்கள். நானோ பெரியவர்தான் முதலில் தேட வேண்டும் என்பேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து, அரிசிப் பானைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தேட வேண்டும். கதையில் தேடுகிறவர் மேய்ப்பன் அல்லவா? அப்பா தரையில் தவழ்ந்து ஒரு புளியங்கொட்டைக்காக இவ்வளவு பாடுபடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, ஒன்று தொலைந்தாலும் அது முக்கியம் என்பது உடம்போடு தெரிந்துவிடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பிள்ளை தானே தொலைந்துபோகக் கேட்கும். திரைச்சீலைக்குப் பின்னால் கால் இரண்டும் வெளியே தெரிய நிற்கும். அப்போதும் உடனே கண்டுபிடித்துவிடக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடி, கண்டதும் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்தில் "இனிமே அம்மா சொல்றதைக் கேக்கணும், என்ன?" என்று புத்தி சொன்னால் விளையாட்டு செத்துவிடும். "மத்த ஆடெல்லாம் தனியா பயப்படாதா?" என்று பிள்ளை கேட்டால் அதற்கு விடை தேடி அலைய வேண்டாம். "தெரியலையேடா கண்ணு, நீ என்ன நினைக்கிறே?" என்றால் போதும். அது நினைப்பதை ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்பதே அதற்குக் கிடைக்கும் அன்பு.

அதே அதிகாரத்தில் காசைத் தொலைத்த பெண் இருக்கிறாள். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சும் துடைப்பமுமாகத் தேடலாம். அவள் காசு கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறாள். நாமும் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு ஆளுக்கொரு வாய் பாயசம் தரலாம். ஒரு எச்சரிக்கை: காசு, புளியங்கொட்டை, கடுகு எல்லாம் இந்த வயதில் வாய்க்கும் மூக்குக்கும் போகும். பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இயேசு சொன்ன கடுகு விதை உவமைக்குத் தமிழ்ச் சமையலறையைவிடப் பொருத்தமான வகுப்பறை இல்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஈரத்துணியில் பரப்பினால் சில நாட்களில் முளை தெரியும். கொஞ்சம் மண் போட்ட சிரட்டையில் விதைத்தால் பச்சைப் பசேலென்று எழும்பும். தினமும் காலையில் போய்ப் பார்ப்பதும் தண்ணீர் தெளிப்பதும்தான் விளையாட்டு. இதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கால் கழுவுவது. தெருவில் ஆடிவிட்டு வரும் பிள்ளையின் காலை வாசலில் கழுவிவிடுவது நம் பழைய வழக்கம். பெரிய வியாழனன்று ஆலயத்தில் போதகரோ குருவோ பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும்போது பிள்ளை அதைத் தூரத்திலிருந்து பார்க்கிறது. வீட்டில் அப்பா ஒரு செம்புத் தண்ணீரோடு அதன் முன்னால் மண்டியிட்டு, விரல் இடுக்கில் ஒட்டிய மண்ணையெல்லாம் எடுத்து, துண்டால் துடைத்துவிடட்டும். பிறகு பிள்ளை அப்பாவின் காலைக் கழுவட்டும். தண்ணீர் வீடெங்கும் ஓடினாலும் பரவாயில்லை. "இயேசப்பாவும் அவர் சிநேகிதர்களுக்கு இப்படித்தான் கழுவிவிட்டார்" என்ற ஒற்றை வரி போதும். நம் வீடுகளில் கடவுளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அம்மாவின் வேலையாகவே இருக்கிறது. தகப்பன் என்று கடவுளைக் கூப்பிடச் சொல்லிக்கொடுக்கும் மதத்தில், வீட்டுத் தகப்பன் ஒதுங்கி நின்றால் அந்தச் சொல்லுக்குப் பிள்ளையிடம் என்ன பொருள் இருக்கும்?

சில கதைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. நோவாவின் பேழை பொம்மைக் கடைகளுக்குப் பிடித்த கதை. மிருகங்கள் ஜோடி ஜோடியாக வரும். ஆனால் கூர்மையான பிள்ளை "மத்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?" என்று கேட்டுவிடும். ஆபிரகாம் மகனைப் பலிபீடத்தில் கிடத்தும் கதையை இந்த வயதில் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரவில் அப்பா பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கு அது வேறு கதையாகத்தான் போய்ச் சேரும்.

பரிசைப் பற்றியும் பேச வேண்டும். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு, வரைந்தால் ரிப்பனும் தங்க நட்சத்திரமும் போட்ட சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லித் தந்தார்கள். பிறகு பார்த்தால் அந்தக் குழுதான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தது. பரிசுக்காகச் செய்யப் பழகியதும் ஆசை வடிந்துவிட்டது. நம் ஞாயிறு பள்ளிகளிலும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்புகளிலும் மூன்று வயதுப் பிள்ளையை மேடையேற்றி வசனம் சொல்ல வைத்து டிபன் பாக்ஸ் தருகிறோம். மைக்கைப் பார்த்து அழும் பிள்ளைக்குக் கீழே நின்று அம்மா வாயசைக்கிறாள். இறையன்பு உழைத்துச் சம்பாதிப்பது அல்ல, வாரிக் கொடுக்கப்படுவது என்பதுதான் திருச்சபையின் போதனை. அதைக் கற்பிக்கும் முறையே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

கைபேசியில் ஓடும் வேதக் கார்ட்டூன் படங்களை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆனால் அது பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடாது. இந்தப் பொருளில் அது பெரிய குறை.

விளையாட்டு எட்டாத இடம் ஒன்று உண்டு. வீட்டில் சாவு விழும்போது, "தாத்தாவை இயேசப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுது, அதான் கூட்டிக்கிட்டார்" என்று சொல்லிவிடுகிறோம். சொன்னது சொன்னபடியே பிடித்துக்கொள்ளும் வயது இது. கடவுளுக்குப் பிடித்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார் என்றுதான் பிள்ளை கணக்குப் போடும். அடுத்தது அம்மாவா, நானா என்று இரவில் பயப்படும். தாத்தாவின் உடம்பு இனி இயங்காது, நமக்கு அழுகை வருகிறது, அழும்போது இயேசப்பா நம்மோடு இருக்கிறார் என்று நேராகச் சொல்லிவிடலாம். சுவீடன் பிள்ளைகள் கடவுளின் உருவை நோயுற்ற குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார்களே, அந்த இடம் அதுதான். பிறகு அது பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைத்துச் சாவு வீடு விளையாடினால் அதட்ட வேண்டாம். கூடவே உட்கார்ந்திருங்கள்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அதில் அது ஒரு பொம்மையை நகர்த்தட்டும், ஒருவருக்காக நன்றி சொல்லட்டும், பிறகு எழுந்து ஓடட்டும். கண்ணைக் குத்தும் என்ற மிரட்டலை இன்றோடு நிறுத்துங்கள். தாத்தா பாட்டியிடமும் மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள். சபைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான வசனப் போட்டியை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். அந்தப் பரிசுப் பணத்தில் மர ஆடுகளும் ஒரு மேய்ப்பனும் செய்யச் சொல்லி, வீட்டுக்கு ஒரு தொகுப்பாகக் கொடுத்தனுப்புங்கள்.